நெல்லுக்கு மருந்து, மீனுக்கு கெடுதல்: காரைக்காலில் ஒரு பாக்டீரியாவின் கதை

இந்த எபிசோடை ஒரு உரக்கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரைக்கால் பக்கம் ஒரு சின்ன கடை. சம்பா நாற்று விடுற நேரம். ஒரு விவசாயி வந்து, "சூடோமோனாஸ் ஒரு கிலோ குடுங்க" என்றார். டீத்தூள் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமா கேட்டார். கடைக்காரர் ஒரு வெள்ளைப் பொடி பாக்கெட்டை எடுத்து வைத்ததும் அவர் விலையைப் பார்க்கவில்லை, திருப்பித் தேதியைப் பார்த்தார். "இது செத்துப்போயிருக்குமேண்ணே, வேற இருக்கா?"

பூச்சிமருந்துக் கடையில் ஒரு பொருளைப் பார்த்து "செத்துப்போயிருக்கும்" என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனா அவர் சொன்னது சரி. அந்தப் பொடியில் இருக்கிறது உயிரோட இருக்கிற பாக்டீரியா. முழுப் பெயர் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். செத்துப்போனா அது வெறும் டால்க், முகப் பவுடருக்குப் போடுற அதே கல்மாவு.

அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம் போனா அரசலாறு கடலில் கலக்கிற இடம், மீன்பிடித் துறைமுகம். விசைப்படகில் ஐஸ் போட்டு வந்த மீன் ஏலத்துக்கு இறங்கும். வியாபாரிகள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. ஐஸில் கிடக்கிற மீனைக் கெடுக்கிற முக்கியமான பாக்டீரியாக் கூட்டம் எதுன்னு கேட்டா, மறுபடியும் சூடோமோனாஸ்தான். அந்தக் கூட்டத்தில் இந்த ஃப்ளோரசன்ஸும் உண்டு.

வயலில் காசு கொடுத்து வாங்குற ஒரு உயிர், துறைமுகத்தில் காசைக் கரைக்குது. இது எப்படின்னு புரிஞ்சுக்க, நாம கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல ஊரைப் பத்தி. காரைக்கால் ரொம்பச் சின்ன மாவட்டம், சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. சுத்திலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஆறு கொம்யூன்கள். அந்த பிரெஞ்சு வார்த்தை இன்னும் அரசாங்கக் காகிதத்தில் அப்படியே இருக்கு. காவிரிக் கிளைகளின் கடைசித் தண்ணீர் இங்கே வந்துதான் கடலைத் தொடுது. அதனால உழவும் மீன்பிடிப்பும் இங்க தனித்தனி உலகம் இல்லை. திருமலைராயன்பட்டினத்தில் வயல் முடியுது, கொஞ்சம் தள்ளி பட்டினச்சேரி என்று மீனவர் ஊர் ஆரம்பிக்குது.

இப்போ பாக்டீரியாவுக்கு வருவோம். 1886-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஃப்ளூகே இதை விவரித்தார். வளர்க்கிற ஜெலட்டினை இது கரைக்குது, கூடவே மஞ்சள் கலந்த பச்சையா ஒளிருது. பெயரில் இருக்கிற 'ஃப்ளோரசன்ஸ்' அதிலிருந்து வந்தது. 1890களில் வால்டர் மிகுலா என்ற இன்னொரு ஜெர்மானியத் தாவரவியலாளர் சூடோமோனாஸ் என்ற பேரினத்தை உருவாக்கி, இதை அதற்குள் கொண்டுவந்தார். 'சூடோ' என்றால் போலி. 'மோனாஸ்' என்பது ஒரு சின்ன நீந்தும் உயிரின் பெயர். போலி மோனாஸ். ஏன் அந்தப் பெயர்னு மிகுலா விளக்கமே சொல்லலை. ஒரு நூற்றாண்டா பாடப்புத்தகம் எழுதுறவங்க அதை ஊகிச்சுக்கிட்டே இருக்காங்க.

இதைச் சுலபமா அடையாளம் காண ஒரு வழி 1954-இல் வந்தது. அமெரிக்காவில் எலிசபெத் கிங் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடன் வேலை செய்த இருவரும் ஒரு வளர்ப்பு ஊடகத்தைத் தயாரித்தார்கள். இன்றைக்கும் எந்த வேளாண் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாலும் 'கிங்ஸ் பி' என்று கேட்டா காட்டுவாங்க. அந்தத் தட்டில் வளர்த்து, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் இந்த பாக்டீரியா பச்சையா மினுங்கும். அதே 1954, நவம்பர் 1-ஆம் தேதிதான் காரைக்கால் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அந்த வருஷம் மனசுல நிக்கிறதுக்கு அது உதவுது, அவ்வளவுதான்.

அந்தப் பச்சை ஒளியை மனசுல வெச்சுக்கோங்க. நம்ம கதையின் சாவி அதில் இருக்கு.

நெல்லுக்கு இது எப்படி வந்தது? டெல்டாவில் நெல்லுக்குப் பெரிய பயம் குலை நோய். இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழும், கதிரின் கழுத்து கறுத்து ஒடியும், மணி பால் பிடிக்காமல் பதராகப் போகும். ஒரு பூஞ்சையால் வருவது. இந்தியாவில் இந்த நோயின் முதல் பெரிய தாக்குதலாகச் சொல்லப்படுவது 1919-ஐ ஒட்டி நம்ம தஞ்சை டெல்டாவில் நடந்ததைத்தான். அதுக்கப்புறம் நோய் தாங்கும் ரகங்களைத் தேடினார்கள், பிறகு ரசாயனப் பூஞ்சைக்கொல்லிகள் வந்தன. பசுமைப் புரட்சியில் குட்டை ரகமும் நிறைய யூரியாவும் வந்தபோது நோய் குறையலை. தழைச்சத்து அதிகமானா குலை நோய்க்குக் கொண்டாட்டம்னு இன்னைக்கும் எந்த வயசான விவசாயியும் சொல்லுவார்.

1980களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் எஸ். எஸ். ஞானமாணிக்கமும் அவருடைய மாணவர்களும் வேற திசையில் யோசித்தார்கள். பூஞ்சையை எதிர்க்கிற பாக்டீரியாவையே விதையோட அனுப்பினால் என்ன? 1987-இல் என். சக்திவேலும் அவரும் சேர்ந்து, சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் நெல்லின் இலையுறை அழுகல் நோயைக் குறைக்குது, விளைச்சலையும் கூட்டுது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சக்திவேல் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி தொடங்கியதும் அதே 1987-இல்தான்.

ஆய்வகத்தில் ஜெயிக்கிறது ஒண்ணு, கடைக்கு வர்றது வேற. பாக்டீரியாவைப் பாட்டிலில் திரவமாகக் கொடுத்தால் கெட்டுப்போகும், தூக்கிட்டுப் போகவும் கஷ்டம். இங்கதான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வருது. அங்கே விதியசேகரன் குழுவினர், வளர்த்த பாக்டீரியாவை டால்க் பொடியில் கலந்து, கொஞ்சம் ஒட்டும் பசை சேர்த்து, ஈரம் குறைத்துப் பாக்கெட் போடுகிற முறையை உருவாக்கினார்கள். 1995-இல் கொண்டைக்கடலை வாடல் நோய்க்கும், 1997-இல் நெல் குலை நோய்க்கும் இந்தப் பொடியைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. 'பிஎஃப் 1' என்ற அவர்களுடைய ரகம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இன்னைக்கும் பழக்கமான பெயர்.

என்னைக் கேட்டா, இந்தக் கதையில் சரியான கொண்டாட்டம் கிடைக்காத கண்டுபிடிப்பு அந்த டால்க்தான். ஒரு உயிரைச் சாகவிடாம மாசக்கணக்கில் தூங்கவைத்து, மாட்டுவண்டியிலும் டிவிஎஸ் 50-யிலும் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அது. கிலோ விதைக்கு 10 கிராம் பொடி. ஊறவைத்த விதையில் கலந்து வைத்திருந்து விதைக்கணும். நாற்றைப் பிடுங்கி நடுவதுக்கு முன்னாடி வேரைக் கரைசலில் நனைக்கலாம். வெயிலில் காயவைக்கக் கூடாது, பாக்டீரியாவைக் கொல்கிற மருந்தோட சேர்க்கக் கூடாது. இவ்வளவுதான் பக்குவம்.

சரி, அது உள்ளே போய் என்ன பண்ணுது? அந்தப் பச்சை ஒளியை ஞாபகம் இருக்கா? அதை உண்டாக்குற பொருளுக்கு பயோவெர்டின் என்று பெயர். அது அழகுக்காக இல்லை. அது இரும்பைப் பிடிக்கிற கொக்கி. எந்த உயிருக்கும் இரும்பு வேணும். காற்றோட்டமான மண்ணில் இரும்பு துருவாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும், சுலபமா கிடைக்காது. சூடோமோனாஸ் இந்தக் கொக்கியை வெளியே வீசி, இரும்பைக் கவ்வித் தனக்குள்ள இழுத்துக்கும். பக்கத்துல இருக்கிற பூஞ்சைக்கு மிச்சமில்லை, அது பட்டினி. 1980-இல் கலிஃபோர்னியாவில் க்ளோப்பரும் ஷ்ரோத்தும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் 'நேச்சர்' இதழில் இதைச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனா நம்ம வயலுக்கு இந்த விளக்கம் முழுசா பொருந்தாது. நம்ம நெல் தண்ணி தேங்கி நிக்கிற சேத்துல வளருது. அங்க காத்து இல்லாததால இரும்பு கரைஞ்ச நிலையிலேயே நிறைய இருக்கும். பட்டினி போட முடியாது. அப்போ வேற ஆயுதம் வேணும். 1992-இல் ஞானமாணிக்கமும், பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மியூவும், குலை நோயை அடக்குறதில் இந்த பாக்டீரியா சுரக்கிற ஒரு ஆன்டிபயாட்டிக்குக்குப் பங்கு இருக்குன்னு காட்டினாங்க. அது போக, வேரில் இது குடியேறினாலே செடி தன் தற்காப்பைத் தயார்ப்படுத்திக்குது. கிட்டத்தட்ட தடுப்பூசி போட்ட மாதிரி.

கடலோர ஊருக்கு இன்னொரு சேதியும் இருக்கு. 2007-இல் கோவையில் சரவணகுமாரும் சாமியப்பனும், இந்த இனத்தின் ஒரு ரகம் உப்பு மண்ணில் நிலக்கடலையைத் தாக்குப்பிடிக்க வைக்குதுன்னு எழுதினாங்க. உப்பு அதிகமானா செடி பதற்றத்தில் எத்திலீன் வாயுவைச் சுரந்து தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கும். அந்த எத்திலீன் உருவாகிற மூலப்பொருளை இந்த பாக்டீரியா தின்னுடுது. சுனாமியில் உப்பேறின வயலைப் பார்த்த ஊர்க்காரங்களுக்கு இது வெறும் ஆய்வக விஷயம் இல்லை.

இதுவரைக்கும் கேட்டா இது கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய உயிர் மாதிரி இருக்கும். இப்போ துறைமுகத்துக்கு வாங்க.

நம்ம கடற்கரையில் மீன் கெடாம இருக்க ஆயிரம் வருஷமா தெரிஞ்ச வழி உப்பும் வெயிலும். கருவாடு. ஐஸ் ரொம்பப் புதுசு. சென்னை ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் வெட்டின பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்க வைப்பாங்க. அது வெள்ளைக்காரங்களின் குடிக்கும் தண்ணிக்கு, மீனவருக்கு இல்லை. மீனுக்கு ஐஸ் என்ற பழக்கம் பரவினது இயந்திரப் படகோடதான். 1952-இல் ஒப்பந்தமாகி, கொல்லம் பக்கம் நடந்த இந்திய-நார்வே திட்டம் அதற்கு ஒரு தொடக்கம். படகு தூரம் போக ஆரம்பித்தது. கடலில் தங்கி மீன் பிடித்தால் அதைக் கரைக்குக் கொண்டுவர ஐஸ் இல்லாமல் முடியாது.

ஐஸ் எல்லா பாக்டீரியாவையும் கொல்லும்னு நாம நினைக்கிறோம். இல்லை. அது ஆளை மாத்துது. நம்ம கடல் தண்ணி சுமார் 28 டிகிரி. மீன்மேல இருக்கிற பாக்டீரியாவில் பெரும்பாலானது அந்த வெப்பத்துக்குப் பழகினது. ஐஸில் போட்டதும் அதுங்க முடங்கிடும். குளிரிலும் வளரத் தெரிஞ்ச ஒரு சின்ன கூட்டம் மட்டும் மிச்சமிருக்கும், அதில் சூடோமோனாஸ் முக்கியம். போட்டியே இல்லாத மைதானம். மெதுவா, ஆனா நிக்காம பெருகும். தசையில் இருக்கிற அமினோ அமிலங்களைத் தின்னு, முதல்ல பழம் அழுகின மாதிரி ஒரு இனிச்ச நாத்தம், அப்புறம் கந்தக நாத்தம், மேல வழுவழுப்பு. கூட்டாளி ஒண்ணும் உண்டு: ஷெவனெல்லா. அதையும் ரொம்ப வருஷம் சூடோமோனாஸ் என்றே கூப்பிட்டாங்க, 1985-இல்தான் தனிப் பெயர் கிடைத்தது. 1996-இல் டென்மார்க்கின் லோன் கிராமும் ஹுஸ்ஸும் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, எந்தக் கடல் மீனா இருந்தாலும் ஆத்து மீனா இருந்தாலும் ஐஸில் வைத்தால் அதைக் கெடுப்பது இந்த ரெண்டு கூட்டம்தான்னு சொன்னாங்க.

ஒரு நல்ல சேதி. குளிர்நாட்டு மீன்மேல குளிர்விரும்பிகள் ஏற்கெனவே நிறைய இருக்கும். நம்ம வெப்பக்கடல் மீன்மேல கம்மி. அதனால ஒழுங்கா ஐஸ் போட்டா நம்ம மீன் பொதுவா அதிக நாள் தாங்கும். அந்த 'ஒழுங்கா'வில்தான் எல்லாமே இருக்கு. போன நடையின் சளியோட கழுவாத ஐஸ் அறை, அழுக்குத் தண்ணியில் செஞ்ச ஐஸ் பார், வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த மீன். இதெல்லாம் குளிர்விரும்பிக் கூட்டத்துக்கு நாமே கொடுக்கிற முன்பணம்.

உயிரோட இருக்கிற மீனை இது தாக்குமா? தாக்கும், ஆனா பெரும்பாலும் தனியா வராது. குளத்தில் மீன் நெருக்கமா இருந்து, தண்ணி கெட்டு, உடம்பில் காயம் பட்டிருந்தா உள்ளே நுழையும். துடுப்பு அழுகும், வயிறு உப்பும், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். கெண்டை வளர்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச தொல்லைதான். இதில் ஒரு வரலாற்றுப் பாடமும் இருக்கு. 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் ஒரு புண் நோய் நுழைந்து அடுத்தடுத்த வருஷங்களில் நாடு முழுக்கப் பரவியது. விரால் உடம்பில் சிவப்புச் சிவப்பாகக் குழி விழுந்தது. ஜனங்க மீன் வாங்கவே பயந்தாங்க. புண்ணைச் சுரண்டிப் பார்த்த இடத்திலெல்லாம் ஏரோமோனாஸும் சூடோமோனாஸும் கிடைத்தன. பழி அதுங்க மேல விழுந்தது. உண்மையான காரணம் அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்ற, பூஞ்சை மாதிரியான ஒரு நீர்வாழ் உயிர் என்று பிறகுதான் உறுதியானது. பாக்டீரியாக்கள் திறந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சவைதான்.

இப்போ இந்த எபிசோடில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்று ஒரு மீன் இருக்கு. நம்ம கொடுவாவின் நெருங்கின சொந்தம், ரெண்டும் ஒரே பேரினம். ஐஸில் வைத்த நைல் பெர்ச்சிலிருந்து லோன் கிராம் குழு ஒரு சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸைப் பிரித்து எடுத்தது. பெயர் ஏஎச் 2. ஐஸ் மீனில் கிடைத்தது. அதை அவங்க உயிருள்ள டிரவுட் மீனுக்கே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தாங்க. விப்ரியோ என்ற பாக்டீரியாவால் நோய் வரவைத்த மீன்களில், மருந்து இல்லாத கூட்டத்தில் 47 சதவீதம் செத்தது. ஏஎச் 2 கலந்த தண்ணியில் வைத்த கூட்டத்தில் 25 சதவீதம். 1999-இல் வெளிவந்த ஆய்வு இது.

அந்த வேலைக்குக் காரணமா அவங்க பார்த்ததில் முக்கியமானது அதே இரும்புக் கொக்கி. நெல்வயல் சேத்துல பெரிசா உதவாத கொக்கி, இரும்பு கம்மியா இருக்கிற மீன் உடம்பில் பக்கத்து பாக்டீரியாவைப் பட்டினி போடுது. ஐஸ் பெட்டியில் சூடோமோனாஸ் மத்ததை ஓரங்கட்டுறதுக்கும் இது கை கொடுக்குது. ஆனா உடனே கைதட்டாதீங்க. ரெண்டு வருஷம் கழித்து, சால்மன் மீனில் வேற ஒரு நோய்க்கு இதே ஏஎச் 2-வைச் சோதித்தப்போ தட்டில் ஜெயித்தது, மீனில் தோற்றது. அந்தத் தோல்வியையும் அவங்க நேர்மையா வெளியிட்டாங்க.

புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. அங்க இருக்கிற கொசு ஆராய்ச்சி மையம், விசிஆர்சி என்று சொல்வோமே, அவங்க 2000களின் தொடக்கத்தில் இதே இனத்தின் ஒரு ரகம் சுரக்கிற பொருள் கொசுவின் கூட்டுப்புழுவையும் கொல்லுதுன்னு கண்டுபிடிச்சாங்க. கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால வழக்கமான பாக்டீரியா மருந்து அதுகிட்ட வேலை செய்யாது. அதனால இது பெரிய விஷயம். உங்க வீட்டு மருந்துப் பெட்டியில் டி-பேக்ட் களிம்பு இருந்தா, அதில் இருக்கிற மியூபிரோசினும் இந்த பாக்டீரியாவிலிருந்து முதல்ல எடுத்ததுதான்.

இத்தனை வேலையும் ஒரே இனமா செய்யுதுன்னு சந்தேகம் வருதா? வரணும். மரபணுவைப் படிக்க ஆரம்பித்ததும் 'ஃப்ளோரசன்ஸ்' என்பது ஒரு இனம் இல்லை, ஒரு பெரிய குடும்பம்னு தெரிய வந்தது. உலகப் புகழ் பெற்ற, வேரைக் காக்கிற சில ரகங்களுக்கு 2011-இல் சூடோமோனாஸ் ப்ரொடிஜென்ஸ் என்று தனிப் பெயரே வைத்தார்கள். பெயர் மாறுறது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. வெங்காயத்தை அழுக வைக்கிறதுன்னு 1950-இல் பெயர் வாங்கின சூடோமோனாஸ் செபேஷியாவைப் பின்னாடி பயிர்ப் பாதுகாப்புக்கும் பயன்படுத்த ஆரம்பித்தாங்க. அதன் சொந்தக்காரங்களே நுரையீரல் நோயாளிகளைக் கொல்றது தெரிஞ்சதும் அமெரிக்கா பின்வாங்கியது. இப்போ அது சூடோமோனாஸே இல்லை, புர்க்ஹோல்டேரியா.

அதனாலதான் நம்ம நாட்டில் இந்தப் பொடியும் 1968-ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குக் கீழ வருது. இயற்கைதானேன்னு விட்டுடலை. பாக்கெட்டில் இனத்தின் பெயர் மட்டும் இருந்தா பத்தாது. எந்த ரகம், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள செல், எந்தத் தேதி வரைக்கும், இதெல்லாம் இருக்கணும். அந்த விவசாயி தேதியைப் பார்த்தது சரி. ரக எண்ணையும் பார்த்திருக்கலாம்.

இதைப் பத்திப் பேசும்போது துறைமுகத்தில் ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "அப்போ வயல்ல தெளிக்கிறது வாய்க்கால் வழியா வந்துதான் எங்க மீனைக் கெடுக்குதா தம்பி?" நியாயமான கேள்வி. யாரும் தெளிக்காட்டியும் இந்தக் கூட்டம் மண்ணிலும் ஆத்துத் தண்ணியிலும் காலங்காலமா இருக்கு. டால்க் பொடி வருவதுக்கு ரொம்ப முன்னாடியே ஐஸ் மீன் இதால கெட்டுக்கிட்டுதான் இருந்தது. மீன்மேல அது ஒட்டுறது பெரும்பாலும் படகின் தளத்திலும், கூடையிலும், ஐஸ் அறைச் சுவரிலும்தான். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, ஐஸ் அறையின் பழைய மரப்பலகையை விரலால் தட்டிக் காட்டி, "அப்ப இதைத்தான் மாத்தணும்" என்றார். மரத்தின் இடுக்கில் சளி படலமா தங்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது. ஃபைபர் பூச்சுக்கு என்ன செலவாகும்னு பக்கத்துப் படகுக்காரர்கிட்ட விசாரிக்கப் போயிட்டார்.